மினியேச்சர் கவசத்துக்கு எலும்பு நிறம்: கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

மேசைப் போர் விளையாட்டுக்கான குட்டி வீரர் பொம்மைகளைத்தான் மினியேச்சர் என்கிறோம். அவற்றுக்கு எலும்புக் கவசம் என்றதும் புதிதாக வண்ணம் அடிப்பவர்கள் முதலில் திறப்பது வெள்ளைப் புட்டியைத்தான். வெள்ளையில் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் வெளிச்சம் ஏற்ற வழியில்லை, பொம்மை தட்டையாகவே தெரியும். பழுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறுங்கள். வெள்ளை கடைசியில் வரட்டும், அதுவும் ஓரத்தில் ஒரு துளி.

மாதிரிக்குப் படம் தேடி அலைய வேண்டாம். மண்டபம், பாம்பன், ஏர்வாடி என எந்தக் கரையில் நடந்தாலும் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். பல நாள் வெயிலில் கிடந்த ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் மங்கிய வெள்ளை, கீறலுக்குள் பழுப்பு அழுக்கு, விளிம்பில் கொம்பு போன்ற மஞ்சள். திருப்பினால், மாவாக உதிரும் பக்கத்தில் ஒரு பகுதி முழுக்க மெல்லிய அலைக்கோடுகள். அந்தக் கோடுகளைத்தான் நாம் கவசத் தகட்டில் வரையப் போகிறோம்.

தயாரிப்பு

பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சு ஒட்டிய கோடுகளை பிளேடின் முதுகால் சுரண்டிவிடுங்கள். அடுத்தது பிரைமர், அதாவது வண்ணம் பிடித்து நிற்க முதலில் அடிக்கும் பூச்சு. ஸ்பிரே சுலபம்தான், ஆனால் ஆடி மாதக் கச்சான் காற்றில் மொட்டை மாடியில் நின்று அடித்தால் பெயின்ட்டோடு மணலும் சேர்ந்து ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையிலோ காற்றில் ஈரம் அதிகம். ஆகவே பிரஷ்ஷால் பூசும் பிரைமரே நமக்குச் சரி. சாம்பல் நிறம் போதும். மெல்லியதாக இரண்டு கை பூசுங்கள்.

தண்ணீர் விஷயம் ஒன்று. நம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் பெயின்ட்டைக் கரைத்தால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்து நிற்கலாம். கேன் தண்ணீரையே ஊற்றிக்கொள்ளுங்கள்.

அடி வண்ணம்

மினியேச்சருக்கென்றே வரும் சிட்டாடல் பெயின்ட் கிடைத்தால் அதில் சாண்ட்ரி டஸ்ட் என்ற பழுப்பு நிறம். இல்லையென்றால் ஸ்டேஷனரி கடை அக்ரிலிக்கே போதும்: வெள்ளையும் யெல்லோ ஓக்கரும் கலந்து, பர்ன்ட் அம்பர் ஒரு பிரஷ் முனையளவு சேருங்கள். ஈர மணல் நிறம் வரும். நீர்மோர் பதத்துக்குக் கரைத்து இரண்டு மூன்று கை பூசுங்கள். முதல் கையில் திட்டுத்திட்டாகத்தான் தெரியும். அவசரப்பட்டுக் கெட்டியாக அப்பினால் தகட்டின் நுணுக்கமெல்லாம் மூடிப்போகும்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிடும். ஒரு டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, மேலே பேக்கிங் தாளைப் போட்டு, அதில் வண்ணத்தைக் கலந்தால் மூடிவைத்து மறுநாளும் எடுக்கலாம்.

நிழல்

சிட்டாடலின் செராஃபிம் செபியா வாஷ் (இடுக்கில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்), அல்லது பர்ன்ட் அம்பரை நிறையத் தண்ணீரும் கொஞ்சம் மேட் மீடியமும் (நிறமில்லாத, பளபளக்காத அக்ரிலிக் திரவம்) விட்டுக் கரைத்தது. இதைப் பொம்மை முழுக்கக் குளிப்பாட்டச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, அகலமான தகடுகளில் கறை வளையம் விழும். தகடுகள் சேரும் இடுக்கிலும் ஆணிக் குமிழ்களைச் சுற்றியும் மட்டும் பிரஷ் முனையால் விடுங்கள். எங்காவது தேங்கினால் ஈர பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். நன்றாகக் காயவேண்டும், மழை நாளில் இன்னும் நேரம் பிடிக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா? இன்னும் காயவில்லை.

வெளிச்சமும் கோடுகளும்

வேலையின் ருசியே இங்கேதான். இடுக்கில் நிழலை விட்டுவிட்டு, தகட்டின் மேடான பகுதிக்கு சிட்டாடலின் வெளிர் எலும்பு நிறமான உஷாப்தி போன் பூசுங்கள். கடை அக்ரிலிக் என்றால், அடி வண்ணக் கலவையில் வெள்ளையை இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்து இன்னும் வெளுத்த ஸ்க்ரீமிங் ஸ்கல், அல்லது உங்கள் கலவையில் மேலும் வெள்ளை கூட்டியது. பிரஷ்ஷை டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, தகட்டின் ஓரத்தில் முனையை வைத்து உள்நோக்கி இழுத்து, பாதியில் அழுத்தத்தைத் தளர்த்துங்கள். கோடு ஓரத்தில் தடித்துத் தொடங்கி உள்ளே மறையும். ஒன்று நீளம், அடுத்தது குட்டை, நடுவே கொஞ்சம் இடைவெளி. சீப்புப் பல் மாதிரி ஒரே அளவில் இழுத்தால் பொய்யாகத் தெரியும். கோடு தடித்துவிட்டால் அடி வண்ணத்தால் பக்கவாட்டில் செதுக்கிக்கொள்ளலாம். இதற்கென மூன்று சைபர் பிரஷ் வாங்காதீர்கள், நம் வெக்கையில் அதன் முனை நொடியில் காய்ந்துவிடும். முனை கூரான 1-ஆம் நம்பர் பிரஷ்ஷே போதும்.

கடைசியாக, ஏறக்குறைய வெள்ளையான கலவையைத் தகட்டின் மூலைகளிலும் கூர்முனைகளிலும் தொட்டு வையுங்கள். அவ்வளவுதான்.

கோடு எல்லாப் படைக்கும் பொருந்தாது. ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற மேசை விளையாட்டில் 2019-இல் வந்த ஒசியார்க் போன்ரீப்பர்ஸ் படைக்கு உடம்பும் கவசமும் எலும்பு, அங்கே கோடு போடலாம். வார்ஹேமர் 40,000 என்ற இன்னொரு விளையாட்டின் டெத்விங் வீரர்கள் அணிவது எலும்பு நிறம் பூசிய கவசம்தான். அவர்களுக்கு ஓர வெளிச்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படையே பெரிது, நேரமில்லை என்றால் ரெய்த்போன் என்ற வெளிர் நிறத்தை அடித்து, அதன்மேல் நிழலையும் நிறத்தையும் ஒரே பூச்சில் தரும் ஸ்கெலிட்டன் ஹோர்ட் கான்ட்ராஸ்ட் பெயின்ட் ஒரு கை. விளையாட்டு மேசைக்கு அது போதும்.

வார்னிஷும் அடித்தட்டும்

மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே பூசுங்கள். ஈரக் காற்றில் ஸ்பிரே செய்தால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி மங்கிவிடும்.

பொம்மை நிற்கும் அடித்தட்டுக்குக் கடற்கரை மணல் அழகாக இருக்கும். உப்புப் போக நல்ல தண்ணீரில் நாலைந்து தரம் அலசி, வெயிலில் காயவைத்து, சலித்துவிட்டு வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். ஆனால் பவளத் துண்டைப் பாறையாக வைக்கும் ஆசை வேண்டாம். மன்னார் வளைகுடாவில் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, எடுத்தால் வழக்கு வரும். பாறைக்கு உடைத்த தக்கைத் துண்டு போதும். சாம்பல் அடித்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.