ஜார்ஜ் டவுன்ல ஒரு நாள்: எங்க இறங்கணும், எத வாங்கணும், எங்க சாப்பிடணும்

முதல் தடவ சென்னை ஜார்ஜ் டவுன் போறீங்கன்னா காரை வீட்லயே விட்ருங்க ப்ளீஸ். 2019லயே ஐகோர்ட், மண்ணடி ரெண்டு எடத்துலயும் மெட்ரோ வந்துருச்சு, எதுல இறங்கினாலும் மிச்சத்த நடந்தே பாத்துரலாம். ஞாயித்துக்கிழம வேணாம், மொத்த வியாபாரக் கடைங்க பெரும்பாலும் ஷட்டர் போட்டிருக்கும். வார நாள்ல பதினோரு மணிவாக்குல போய் இறங்குங்க.

கடைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் ஊரைப் பாருங்க, இது என் ஆசை. இப்ப ஐகோர்ட் இருக்கற எடத்துலதான் பழைய கறுப்பர் நகரம் இருந்துச்சு, அதாவது கோட்டைக்கு வெளிய நம்ம ஜனங்க இருந்த ஊரு. 1746ல பிரெஞ்சுக்காரன் செயின்ட் ஜார்ஜ் கோட்டைய புடிச்சான், 1749ல திரும்பக் கெடச்சதுக்கப்புறம் கோட்டையச் சுத்தி வெட்டவெளி வேணும்னு இங்கிலீஷ்காரன் அங்க இருந்த நம்ம ஜனங்க வீடு, கோயில் எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிட்டான், ஜனங்க வடக்கால தள்ளி வந்து கட்டிக்கிட்டதுதான் இந்த ஊரு. ஜார்ஜ் டவுன்ங்கற பேரு 1911லதான் வந்துச்சு. அந்த வெட்டவெளிக்கு எல்லை காட்ட 1773ல நட்ட கல்லுல ஒண்ணு இன்னும் பாரிஸ் கார்னர்ல டேர் ஹவுஸ் பக்கத்துல நிக்குது, தெனம் ஆயிரக்கணக்கான பேரு அதத் தாண்டிப் போறாங்க, ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்ல. அப்படியே அரண்மனைக்காரத் தெருல 1772ல கட்டின அர்மீனியன் சர்ச், உள்ள அவ்ளோ அமைதி. சாயங்காலத்துக்குத் தள்ளிப் போடாதீங்க, சீக்கிரமே பூட்டிருவாங்க.

இப்ப ஷாப்பிங். இங்க ஒரு தெருவுக்கு ஒரு சரக்கு, இது தெரிஞ்சா பாதி அலைச்சல் மிச்சம். கல்யாணப் பத்திரிகை, பேப்பர்னா ஆண்டர்சன் தெரு. துணி கோடவுன் தெரு. ஃபேன்சி நகை, மணி, பாசினா நாராயண முதலி தெரு. பூஜை சாமான், நாட்டு மருந்துன்னா ராசப்ப செட்டி தெரு, அங்கயே கந்தகோட்டமும் இருக்கு, வள்ளலார் பாடின முருகன், கும்பிட்டுட்டு வந்துருங்க. ஒரே நாள்ல எல்லாத் தெருவும் வேணாம், ரெண்டு போதும், இல்லன்னா கால் வீங்கி எதுவுமே வாங்காம திரும்புவீங்க. கடைக்குள்ள போனதும் "அண்ணே, சில்லறைல குடுப்பீங்களா"ன்னு முதல்ல கேட்டுருங்க, சில கடைல கட்டாத்தான் தருவாங்க, அவங்க வியாபாரமே அதுதான், வெளியூர்க் கடைக்காரர் பத்து மூட்டை வாங்க நிக்கறப்ப நாம ஒரு பீஸுக்குப் பேரம் பேசி நேரத்த இழுக்கக் கூடாது. அப்புறம் தெரு நடுவுல நின்னு போன் நோண்டாதீங்க, பின்னாடி மீன்பாடி வண்டில ஆளு உயரத்துக்கு பண்டலு ஏத்திட்டு வருவாரு, அவரால சட்டுனு ப்ரேக் போட முடியாது. "ஓரம் ஓரம்"னு கேட்டா யோசிக்காம சுவத்தோட ஒட்டிக்குங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். மத்தியானம் லைட்டா முடிச்சுக்குங்க, ஏன்னா இங்க சாப்பாடு களைகட்டறது விளக்கு வச்சப்புறம்தான். சவுகார்பேட்டை பக்கம் தங்கசாலைத் தெருல காக்கடா ராம்பிரசாத்ல ஜிலேபி, பாதாம் பால். முறுக்கு சாண்ட்விச் இந்த ஏரியா ஸ்பெஷல், ரெண்டு தட்டு முறுக்குக்கு நடுவுல சட்னி தடவி வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்கா வச்சுத் தருவாங்க, கைல வாங்கின உடனே வாயில போட்டுரணும், ஊறிட்டா வேஸ்ட். என்.எஸ்.சி. போஸ் ரோட்ல சீனா பாய் கடைல நெய் இட்லி, ஊத்தாப்பம், கல்லு மேல நெய்ய ஊத்தற ஊத்துல பாத்துட்டு நிக்கறவனுக்கே பசி வந்துரும். கூட்டம் இருக்கும், நின்னுட்டேதான் சாப்பிடணும், வயசானவங்கள கூட்டிட்டுப் போனா அத யோசிச்சுக்குங்க.

அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் வேணும்னா அது வேற திசை, பர்மா பஜார் பக்கம் செகண்ட் லைன் பீச். 1960கள்ல பர்மாவ விட்டு வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு. நூடுல்ஸ்ல முட்டகோஸ், பொரிச்ச வெங்காயம், புளித்தண்ணி, மொளகாப் பொடி, நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுன்னு இருக்கும்) எல்லாத்தையும் போட்டு கையாலயே பெசஞ்சு தட்டுல வைப்பாங்க, கூட வாழத்தண்டு சூப். முதல் தடவைக்குக் காரம் கம்மியா கேளுங்க. சவுகார்பேட்டை, அத்தோ ரெண்டையும் ஒரே சாயங்காலம் வச்சுக்காதீங்க, வயிறு தாங்காது. சவுகார்பேட்டைல முடிச்சா சென்ட்ரலுக்கு ஆட்டோ புடிங்க, அத்தோல முடிச்சா பீச் ஸ்டேஷன் நடக்கற தூரம்தான்.