லேப்டாப்பிலேயே வந்த தெரியாத மென்பொருள்: நீக்கலாமா, விடலாமா?

புது விண்டோஸ் லேப்டாப்பில் நாம் போடாத மென்பொருள்களே ஒரு பட்டாளம் இருக்கும். பெயர் புரியவில்லை என்று எதையும் நீக்க வேண்டாம். பெயர் பந்தாவாக இருக்கிறதே என்று எதையும் விட்டுவைக்கவும் வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது பெயரை அல்ல, வெளியிட்ட நிறுவனத்தை.

படி 1: பட்டியலைத் திறங்கள்

ஸ்டார்ட் மெனுவில் கன்ட்ரோல் பேனலைத் தேடித் திறந்து, 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' போங்கள். 'பப்ளிஷர்' என்ற தலைப்பைச் சொடுக்கினால் ஒரே நிறுவனத்தின் சரக்கெல்லாம் ஒன்றாகச் சேரும். ஸ்டோர் செயலிகள் இங்கே தெரியாது; அவை செட்டிங்ஸில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' பகுதியில் இருக்கும்.

படி 2: கை வைக்கக் கூடாதவை

இன்டெல், ஏஎம்டி, ரியல்டெக், சினாப்டிக்ஸ் என்று இருந்தால் பெரும்பாலும் டிரைவர்தான், அதாவது வன்பொருளை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்; விட்டுவிடுங்கள். இதில் நீக்கினால் ஆபத்தானது இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ். சில லேப்டாப்களில் எஸ்எஸ்டியை (விண்டோஸும் கோப்புகளும் இருக்கும் சேமிப்பகம்) விண்டோஸ் அதன் வழியாகத்தான் பார்க்கிறது. டிரைவர் போய்விட்டால் அடுத்த முறை விண்டோஸ் கிளம்பாமல் நீலப் பிழைத்திரைதான் வரும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' வரிசையில். மற்ற நிரல்கள் ஓடத் தேவையான பொதுக் கோப்புகள் இவை. 2008, 2010, 2013 என்று ஆண்டுக்கொன்று, அதிலும் எக்ஸ்86 (32 பிட்), எக்ஸ்64 (64 பிட்) என இரட்டை இரட்டையாக நிற்கும். பழையது வீண் என்று தோன்றும். ஆனால் 2008-ஐ நம்பி எழுதிய நிரலுக்கு 2013 உதவாது. 2008-ஐ நீக்கினால் அந்த நிரல் 'சைட்-பை-சைட் கான்ஃபிகரேஷன்' பிழை காட்டி நின்றுவிடும். 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் நிரல்கள் ஓடுவதால் எக்ஸ்86-உம் வேண்டும்.

படி 3: தயங்காமல் நீக்கக்கூடியவை

விளையாட்டுகளின் டிரையல், ஷாப்பிங் கூப்பன் செயலிகள், பிரவுசர் டூல்பார்கள். காசு கட்டப் போவதில்லை என்றால் டிரையல் ஆன்டிவைரஸும்தான். அது இருக்கும்வரை மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். நீக்கி ரீஸ்டார்ட் செய்ததும் தானாக வேலைக்கு வரும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' திறந்து பச்சைக் குறி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியைப் பயன்படுத்துங்கள்.

நீக்கினாலும் முழுதாகப் போகாத கதையும் உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து சில லெனோவா லேப்டாப்களில் வந்த சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள், இணையப் பக்கங்களில் விளம்பரம் நுழைப்பதற்காகத் தன் சொந்த ரூட் சான்றிதழை (எந்தத் தளத்தை நம்பலாம் என்று விண்டோஸ் முடிவுசெய்யப் பயன்படுவது) விண்டோஸில் பதித்திருந்தது. மென்பொருளை நீக்கிய பிறகும் சான்றிதழ் அப்படியே கிடந்தது. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்த பிறகுதான் அதையும் சேர்த்து அகற்ற லெனோவா தனிக்கருவி வெளியிட்டது.

படி 4: இரண்டும்கெட்டான்களுக்கு ஒரு வாரம்

லேப்டாப் நிறுவனத்தின் சொந்தச் செயலிகள்தான் குழப்பமானவை. ஒன்று வெறும் விளம்பரப் பலகையாக இருக்கும். பக்கத்திலிருப்பது எஃப்என் பொத்தான்களையோ பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்துவதையோ கவனிக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் பகுதியில் அதை 'டிஸேபிள்' செய்யுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல வேலை பாருங்கள். வெளிச்சம், ஒலி, டச்பேட், சார்ஜ் எல்லாம் சரியாக இருந்தால் நீக்கலாம். ஏதாவது படுத்தால் மறுபடி 'எனேபிள்', அவ்வளவுதான்.

படி 5: நீக்கும் விதம்

ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' தேடுங்கள். ஏதாவது கெட்டால் விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பதிவுதான் ரீஸ்டோர் பாயின்ட். சி டிரைவுக்குப் பாதுகாப்பு அணைந்திருந்தால் 'கான்ஃபிகர்' போய் இயக்கிவிட்டு, ஒரு பாயின்ட் உருவாக்குங்கள். பிறகு ஒன்றை நீக்கி, ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஐந்தை ஒரே மூச்சில் தூக்கினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள ஃபோல்டரை டெலீட் செய்வது நீக்குவது ஆகாது. பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸும், விண்டோஸின் அமைப்புத் தொகுப்பான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவுகளும் அநாதையாகத் தொங்கும். இடம் கிடைக்குமே என்று ரெகவரி பார்ட்டிஷனையும் தொடாதீர்கள். விண்டோஸ் கிளம்பாமல் போனால் சரிசெய்யும் கருவிகள் அங்கேதான் இருக்கின்றன.