வீட்டைப் பூட்டிச் செல்லும் முன்

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா கிளம்பும்போது, சென்னை வீட்டில் என் பெரிய கவலை குளியலறை நாற்றம்தான். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தால் தரையிலுள்ள தண்ணீர் போகும் குழாயின் வளைவில் தேங்கி நிற்கும் நீர் வற்றிவிடும். சாக்கடை நாற்றமும் கரப்பான்பூச்சியும் அந்த வழியாகவே ஏறி வரும். கிளம்பும் அன்று ஒவ்வொரு துளையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டேன். எண்ணெய் மூடிக்கொள்வதால் நீர் ஆவியாவது வெகுவாகக் குறைகிறது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது துளி நாற்றமில்லை!

ஃபிரிட்ஜைக் காலிசெய்து, துடைத்து, கதவை லேசாகத் திறந்து வைத்தேன்.

பூனையைப் பிரியத்தான் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் தடுப்பூசி அட்டையோடு துவைக்காத என் பழைய புடவையையும் கொடுத்தேன். கட்டிலடியில் பதுங்கிக் கிடந்தவள், அதில் படுத்த பிறகுதான் சாப்பிடத் தொடங்கினாளாம்.