தகடு உருட்டலில் சொஃப்ட் சென்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் எஃகுத் தகடு உருட்டும் ஆலை கிடையாது. பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இத்துறையில் செயற்றிட்டம் செய்தால், பெரும்பாலும் ஒரு தரவுக் கோப்போடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இலக்கங்களைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை மறந்துபோவது அங்கேதான் நடக்கிறது.

தகட்டின் தடிப்பு உருளைகளின் இடுக்கில் தீர்மானமாகிறது. அந்த இடத்தில் அளவி வைக்க முடியாது. எக்ஸ்ரே தடிப்புமானி தள்ளித்தான் நிற்கும். ஆகவே கணக்கால் மதிப்பிடுகிறோம். இப்படி, நேரே அளக்க முடியாததை வேறு அளவுகளிலிருந்து கணித்துச் சொல்வதுதான் சொஃப்ட் சென்சர். தகடு உருளைகளைத் தள்ளும் விசையை, உருளைகளைப் பிடித்திருக்கும் சட்டகத்தின் விறைப்பால் வகுத்து, வருவதைத் தகடு இல்லாதபோதுள்ள உருளை இடைவெளியோடு கூட்ட வேண்டும். இடைவெளி 3 மிமீ, விசை 10 மெகாநியூட்டன், விறைப்பு மிமீக்கு 5 மெகாநியூட்டன் என்றால் சட்டகம் 2 மிமீ விரியும். தகடு 5 மிமீ.

இந்தச் சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதுதான் மிகக் கெட்ட தவறு. தடித்த பகுதியோ குளிர்ந்த பகுதியோ வந்து விசை ஏறினால் சூத்திரம் சொல்வது சரி. ஆனால் தாங்குருளை (தகட்டைத் தொடும் உருளைக்குப் பின்னால் நின்று தாங்கும் பெரிய உருளை) வட்டம் பிசகியிருந்தால், அது சுழலச் சுழல உண்மையான இடைவெளி குறைந்து கூடும். குறையும்போது தகடு மெலியும், விசையோ ஏறும். சூத்திரம் ‘தடித்துவிட்டது’ என்று சொல்ல, கட்டுப்பாடு இன்னும் இறுக்கும். மெலிந்தது மேலும் மெலியும். அந்தக் கணத்து விசையை மட்டும் கொடுத்தால், தரவிலிருந்து கற்கும் எந்த நியூரல் நெற்வேர்க் மொடலாலும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. தாங்குருளையின் சுழற்சிக் கோணத்தையும் உள்ளீடாகக் கொடுங்கள். அது இல்லையென்றால், அந்தச் சுழற்சியோடு வரும் ஏற்ற இறக்கத்தை வடிகட்டுங்கள்.

அப்புறம் நேரப் பொருத்தம். தடிப்புமானி 2 மீற்றர் தள்ளியிருந்தால், செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் தாமதம் 0.2 செக்கன், 2 மீற்றர் வேகத்தில் 1 செக்கன். தரவின் எல்லா வரிகளையும் ஒரே அளவு நகர்த்தினால், வேகம் மாறும் சுருளின் (சுருட்டி வைக்கும் ஒரு முழு நீளத் தகட்டின்) தலையிலும் வாலிலும் மொடல் தப்பாகவே கற்கும். தகடு ஓடிய நீளத்தை வைத்துப் பொருத்துங்கள்.

தரவை எழுந்தமானமாகப் பிரிப்பதும் கூடாது. ஒரே சுருளின் அடுத்தடுத்த வரிகள் பயிற்சியிலும் பரிசோதனையிலும் விழுந்து, பிழை பொய்யாகக் குறைந்து தெரியும். முழுச் சுருள்களாகப் பிரியுங்கள்.

சூடான உருட்டலில், தொடாமல் வெப்பநிலை அளக்கும் பைரோமீற்றர் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. ஒட்சைட்டுச் செதிலும் நீராவியும் அதையும் குறைத்துக் காட்டும்.

உருளை சூட்டில் விரியும், நாளாகத் தேயும். அதனால் மதிப்பீடு மெல்ல நகரும். தடிப்புமானியின் அளவை வைத்து இதை மெதுவாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மானி பழுதானால் திருத்தத்தை அப்படியே நிறுத்திவையுங்கள்; உருளை மாற்றியதும் புதிதாகத் தொடங்குங்கள்.