டஃப்ட்சின் மேக்ரோஃபேஜின் ஒட்டுதலையும் நகர்வையும் மாற்றுகிறதா: சோதிக்கும் முறை

டஃப்ட்சின் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு: திரியோனின், லைசின், புரோலின், ஆர்ஜினின். நம் உடலில் இது இம்யூனோகுளோபுலின் ஜி என்னும் எதிர்ப்புரதத்தின் கனச்சங்கிலியிலிருந்து (அதன் நீண்ட புரதச் சங்கிலி) வெட்டுப்பட்டு வருகிறது. 1970-இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் நஜாரும் நிஷியோகாவும் இதை அறிவித்தார்கள். பெயரும் அங்கிருந்து வந்ததே.

மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல். அது பரப்பில் ஒட்டுவதை மட்டும் அளந்து முடிவு சொல்லாதீர்கள். பிடி தளர்ந்தாலும் செல் நகராது, மிக இறுகினாலும் நகராது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே குடுவைச் செல்களில் அளக்க வேண்டும்.

முதலில் கரைசல். மூலக்கூறு எடை சுமார் 500. எனவே 5 மில்லிகிராமை எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளியுறையிலுள்ள நச்சு) இல்லாத 10 மில்லி நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். பொடியில் உப்பும் ஈரமும் கலந்திருக்கும் என்பதால், சான்றிதழில் உள்ள பெப்டைடு சதவீதத்தைக் கொண்டு எடையைத் திருத்துங்கள். சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள். சோதனைக்கு 10 நானோமோலார் முதல் 10 மைக்ரோமோலார் வரை, பத்துப் பத்து மடங்காக நான்கு அளவுகள் போதும்.

செல்கள் இருக்கும் ஊடகத்தில் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் திரவம்) வேண்டவே வேண்டாம். அதிலுள்ள அமினோபெப்டிடேஸ் என்னும் நொதி முதல் திரியோனினைக் கழற்றிவிடும். மிஞ்சும் லைசின்-புரோலின்-ஆர்ஜினின் டஃப்ட்சினையே தடுக்கும். 0.1 சதவீத ஆல்புமின் சேர்த்த ஊடகம் போதும். இதே முப்பெப்டைடைத் தனியே வாங்கி, 10 மடங்கு கூடுதலாக டஃப்ட்சினோடு சேர்த்தால், விளைவு உண்மையானதா என்பதைச் சரிபார்க்கலாம்.

ரா 264.7 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் எலி மேக்ரோஃபேஜ் வகை) குடுவையிலிருந்து டிரிப்சின் என்னும் புரதம் வெட்டும் நொதி போட்டு எடுக்காதீர்கள், மேற்பரப்பு ஏற்பிகள் அறுபடும். குளிர்ந்த உப்புக்கரைசலில் 2 மில்லிமோலார் இடிடிஏ (கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்), 10 நிமிடம். பிறகு இருமுறை கழுவுங்கள். இடிடிஏ மிஞ்சினால் கால்சியமும் மக்னீசியமும் இல்லாமல், செல்லைப் பரப்போடு பிணைக்கும் இன்டெக்ரின் புரதம் பிடிக்காது.

ஒட்டுதலுக்கு, 96 குழித் தட்டில் குழிக்கு 50,000 செல்கள், 37 டிகிரி. 15, 30, 60 நிமிடங்களில் தனித்தனியே நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்தை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய எல்லாச் செல்லும் ஒட்டியிருக்கும், வேறுபாடு தெரியாது. வெதுவெதுப்பான உப்புக்கரைசலால், பிப்பெட்டைக் குழியின் சுவரில் வைத்து, மெதுவாகக் கழுவுங்கள். பாராஃபார்மால்டிஹைடால் நிலைப்படுத்தி, 0.1 சதவீத கிரிஸ்டல் வயலெட்டால் 20 நிமிடம் சாயமேற்றி, நன்றாக அலசுங்கள். பிறகு 10 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சாயத்தைக் கரைத்து 590 நானோமீட்டரில் அளக்கலாம்.

நகர்வுக்கு 8 மைக்ரான் துளையுள்ள டிரான்ஸ்வெல் (துளைச்சவ்வால் மேல், கீழ் அறைகளாகப் பிரித்த குழி). மேலே 1 லட்சம் செல்கள், கீழே பெப்டைடு. 6 மணி நேரம் கழித்து மேற்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து, அடிப்புறச் செல்களை எண்ணுங்கள். கீழே உதிர்ந்தவற்றையும் சேர்த்து. ஒரு தொகுப்பில் மேலும் கீழும் சம அளவு பெப்டைடு வையுங்கள். அப்போதும் அதே அளவு கடந்தால் அது திசையறிந்த ஓட்டம் அல்ல, வெறும் அலைச்சல்.

அதிகம் ஏமாற்றுவது எண்டோடாக்சின், அதுவே மேக்ரோஃபேஜைத் தூண்டிவிடும். கொதிக்க வைத்துப் பிரித்தறிய முடியாது. அதுவும் தாங்கும், இந்தச் சிறு பெப்டைடும் தாங்கும். ஒவ்வொரு புதிய புட்டியையும் எண்டோடாக்சினைக் கண்டறியும் லால் சோதனைக்கு உட்படுத்துங்கள். ஒரு குழி வரிசையில், எண்டோடாக்சினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின் பி சேருங்கள். அங்கே விளைவு மறைந்தால் அந்தப் புட்டியை ஒதுக்கிவிடுங்கள்.