விந்து தானத்துக்கு ஆள் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் விந்து தானத்துக்கு டோனர்களைச் சேர்க்கும் வேலையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். போன மாதம், புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒரு டோனரிடம் பேசுவது பக்கத்து அறையிலிருந்து காதில் விழுந்தது. "பிள்ளை உங்க பேரைக் கேக்கிறதெல்லாம் பதினெட்டு வருஷம் கழிச்சுத்தானே, இப்பவே எதுக்கு யோசிக்கிறீங்க?" முதல் வருடத்தில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லேபிள் மாறுவது, பாஸ்போர்ட்டைச் சரிபார்க்க மறப்பது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஆய்வகத்தில் இரண்டு பேர் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

பதினெட்டு வயது விஷயத்தைப் படிவத்துக்குள் விட்டுவிடுவது

பிரிட்டனில் 2005 ஏப்ரல் 1 முதல் பதிவுசெய்யும் எந்த டோனருக்கும் தன் பெயரைக் கடைசிவரை மறைத்துவைக்க வழியில்லை. பிறக்கும் பிள்ளைக்கு 16 வயதானால் டோனரின் உயரம், நிறம், இனம், தன்னைப் பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு ஆகியவற்றைக் கேட்டு வாங்கலாம். 18 ஆனதும் முழுப்பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கொடுத்த முகவரி எல்லாம் கிடைக்கும். டோனருக்குப் பிள்ளையின் பெயரைச் சொல்லமாட்டார்கள். எத்தனை பேர், ஆணா பெண்ணா, எந்த வருடம் பிறந்தார்கள், அவ்வளவுதான். தேடிப் போகிற உரிமை பிள்ளைக்கு மட்டுமே.

எனக்கு வேலை பழகிய புதிதில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். 29 வயது, ஐ.டி. வேலை, கல்யாணமாகி ஆறு மாதம். அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருந்தது. உறையவைத்து மறுபடி உருக்கிப் பார்த்தபோதும் சுறுசுறுப்பாக நீந்தின. நிறையப் பேர் அந்த இடத்தில்தான் தேறாமல் போவார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனையிலும் குறையில்லை. தெற்காசிய டோனர் கிடைப்பதே அபூர்வம். தங்கள் சாயலில் ஒரு குழந்தை வேண்டுமென்று காத்திருந்த தமிழ்த் தம்பதிகளின் முகங்கள் என் கண்முன் நின்றன. இவரை விட்டுவிடக் கூடாது என்று பதறினேன்.

"அக்கா, என் பேரு வெளிய வராதுல்ல?"

"ட்ரீட்மென்ட் எடுக்கிறவங்களுக்குத் தெரியாது தம்பி."

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. பதினெட்டு வயது விவரம் படிவத்தின் உள்பக்கத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்டார். கவுன்சிலிங் வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றதும் டிக் போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வீட்டில் சொல்லிவிட்டாரா என்று கேட்கவே இல்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை வீதம் மூன்று மாதம் வந்துபோனார். அவர் தானத்தில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த பிள்ளைக்கென்று அவருடைய விந்தை உறையவைத்த நான்கு சிறு குழாய்களை, அதாவது ஸ்ட்ராக்களை, பணம் கட்டித் திரவ நைட்ரஜன் தொட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. டோனர் நேரே வந்து, சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக்கொடுத்தார். கருவைத் தாயின் வயிற்றில் வைக்கும்வரை டோனருக்கு அந்த உரிமை உண்டு. "நீங்க அன்னைக்கே வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்ட்ராக்களை வெளியே எடுத்து அழித்துவிட்டார்கள். அந்தத் தாய்க்கு நான்தான் போன் செய்தேன். "அப்ப இவளுக்கு இனி ஒரு சகோதரம் இல்லையோ?" என்று கேட்டார். வேறு டோனரிடம் போகலாம், ஆனால் அவர் கேட்ட சகோதரம் அது இல்லை. பிறந்துவிட்ட குழந்தையின் உரிமையோ அப்படியேதான் இருக்கிறது. 18 ஆனதும் அவள் விண்ணப்பித்தால் டோனரின் பெயரை அவளுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் படிவத்தையே எடுப்பதில்லை. "ஒரு நாள் பதினெட்டு வயசுப் பிள்ளை ஒண்ணு உங்க பேரையும் விலாசத்தையும் கையில வெச்சுக்கிட்டு நிக்கலாம். அன்னைக்கு உங்க வீட்ல யார் யார் இருப்பாங்க, அவங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். இரண்டு வாரம் கழித்து, மனைவி இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்வேன். பலர் வருவதில்லை. மேலதிகாரி மாதக் கணக்கைக் காட்டி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். அந்தப் போனை இன்னொரு தடவை என்னால் செய்ய முடியாது.

பழைய டோனர்களுக்கு "இனி யாருக்கும் தெரியாது" என்று உறுதி சொல்வது

1991 ஆகஸ்டுக்கும் 2005 மார்ச்சுக்கும் இடையில் கொடுத்தவர்கள் இன்றும் எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர்களாக முன்வந்தால் ஒழிய, இந்தத் துறையைக் கண்காணிக்கும் ஆணையம் (HFEA) பெயரைத் தராது, உண்மைதான். ஆனால் எச்சிலைக் குழாயில் அனுப்பி டி.என்.ஏ. பார்க்கிற காலம் இது. டோனர் பரிசோதனை செய்திருக்கவே வேண்டாம், அவருடைய ஒன்றுவிட்ட தங்கை செய்திருந்தால் போதும், பிள்ளைகள் நூல் பிடித்து வந்துவிடுவார்கள். சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017 மார்ச்சில், பெயர் வெளிவராது என்ற வாக்குறுதியை நம்பிக் கொடுத்த பழைய டோனர்களின் பெயர்களையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது.

விளம்பரத்தில் பணத்தை முதல் வரியில் போடுவது

ஒரு வருகைக்கு 45 பவுண்டு வரை. போக்குவரத்துக்கும் நேரத்துக்குமான ஈடு, கூலி இல்லை.

பத்து என்பதைத் தவறாகச் சொல்வது

ஒரு டோனரின் விந்துக்கு உள்ள வரம்பு பத்துக் குழந்தைகள் இல்லை, பத்துக் குடும்பங்கள். அதுவும் பிரிட்டனுக்குள் மட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த எண் செல்லாது. அதையும் சொல்லுங்கள்.

ஆன்லைனில் ஆள் பிடிப்பவர்களைப் பற்றி எச்சரிக்காமல் விடுவது

தேறவில்லை என்று நாம் திருப்பி அனுப்பியவர் ஃபேஸ்புக் குழு வழியாக நேரே கொடுக்கப் போகலாம். உரிமம் பெற்ற கிளினிக்குக்கு வெளியே கொடுத்து, தாய் மணமாகாதவராக இருந்தால், சட்டப்படி இவர்தான் தகப்பன். பராமரிப்புச் செலவும் இவர் தலையில் விழும். வாசலில் வழியனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைக்கான குறிப்பை வெற்றாக விடுவது

படிவத்தின் கடைசியில் பிள்ளைக்கென்று எழுத இடம் உண்டு. அவசரத்தில் "ஆல் த பெஸ்ட்" என்று எழுதிவிட்டுப் போவார்கள். போகவிடாதீர்கள், ஒரு டீ போட்டுக் கொடுத்து உட்காரவையுங்கள். சென்ற வருடம் ஒருவர் முக்கால் மணி நேரம் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுதினார்: "என் அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம். எனக்கும் அப்படித்தான். நீ எந்தக் கையால் எழுதுகிறாய்?"