அட்டையில் 007, உள்ளே யார்? உளவுப் பட இசைத்தட்டு சேகரிக்க ஒரு கையேடு

1960-களின் உளவுப் பட இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்தால், கீறலைப் பார்க்கும் முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இதில் இருப்பது எந்தப் பதிவு? அட்டையில் படத்தின் பெயர் இருக்கும், துப்பாக்கி இருக்கும், நாலு பெண்கள் இருப்பார்கள். உள்ளே ஓடுவதோ படத்தில் ஒரு நொடிகூட ஒலிக்காத வாசிப்பாக இருக்கலாம். இந்தத் துறையில் காசு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதிவுகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, படத்துக்காகவே பதிவான அசல். இரண்டு, அதே இசையமைப்பாளர் எல்பிக்கென்று (பல பாடல்கள் கொண்ட பெரிய இசைத்தட்டு) மறுபடி வாசிக்க வைத்தது. மூன்று, வேறொருவர் தன் பாணியில் வாசித்த கவர். மூன்றுமே சேகரிக்கத் தகுந்தவை. ஒன்றை இன்னொன்று என்று நம்பி வாங்கினால்தான் வயிற்றெரிச்சல்.

இரண்டாம் வகை ஏன் இவ்வளவு பெருகியது? அமெரிக்க இசைக்கலைஞர் சங்க விதிப்படி, படத்துக்கு வாசித்ததை எல்பியாக வெளியிட்டால் வாசித்த அத்தனை பேருக்கும் இன்னொரு முறை பணம் தர வேண்டும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இரண்டாவது சம்பளம் கொடுப்பதைவிட, சின்னக் குழுவை வைத்து அரை மணி நேர இசையைப் புதிதாகப் பதிவது மலிவு. லாலோ ஷிஃப்ரினின் 'மிஷன்: இம்பாசிபிள்' எல்பி (டாட் நிறுவனம், 1967) இப்படி எல்பிக்காகவே பதிவானது. தொலைக்காட்சியில் ஓடிய அதே வாசிப்பை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். தனியாகக் கேட்டால் அருமையான ஜாஸ் தட்டு.

மூன்றாம் வகை இரண்டாம் வகையின் உடையைப் போட்டுக்கொண்டு வருவதும் உண்டு. 'தி மேன் ஃப்ரம் அங்க்கிள்' தொடரின் முகப்பிசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித்துடையது. ஆனால் அந்தத் தொடரின் பெயரில் ஆர்சிஏ வெளியிட்ட எல்பிகள் ஹியூகோ மான்டினிக்ரோ தன் கைவண்ணத்தில் மாற்றியமைத்தவை. தொடரின் அசல் பதிவுகள் பல வருடங்கள் கழித்து, 'ஃபிலிம் ஸ்கோர் மந்த்லி' என்ற திரையிசை இதழ் வெளியிட்ட சிடிகளில்தான் வந்தன. அட்டையின் சொற்களை நிதானமாகப் படியுங்கள். 'ஒரிஜினல் சவுண்ட்டிராக்' என்று இருந்தாலே அசல் என்று அர்த்தமில்லை; 'மியூசிக் ஃப்ரம்' என்று இருந்தால் சந்தேகப்படலாம்; 'இன்ஸ்பயர்ட் பை' என்றால் கவர்தான்.

எங்கே தொடங்குவது

பாண்ட் படங்களின் முதல் சில எல்பிகளிலேயே இந்த விளையாட்டின் எல்லாப் பொறிகளும் இருக்கின்றன. 'டாக்டர் நோ' (1962) தட்டைப் பரபரப்பான பின்னணி இசைக்காக வாங்காதீர்கள். மான்டி நார்மனின் ஜமைக்கா பாணிப் பாடல்கள்தான் அதில் பெரும்பகுதி. படத்தில் வராதவையும் உண்டு.

'கோல்டுஃபிங்கர்' (1964) வேறு சிக்கல். அமெரிக்க எல்பியில் இல்லாத நான்கு துண்டுகள் பிரிட்டிஷ் எல்பியில் உண்டு. லேசர் காட்சியின் இசை அவற்றில் ஒன்று. அமெரிக்கப் பதிப்பில் கிதார் முன்னே நிற்கும் முகப்பிசை வாசிப்பு உண்டு. பிரிட்டிஷ் பதிப்பில் அது கிடையாது. ஆக எல்பியாகவே வேண்டுமென்றால் இரண்டும் வாங்கத்தான் வேண்டும். 2003-இல் வந்த சிடி இரண்டையும் சேர்த்துவிட்டது.

'தண்டர்பால்' (1965) எல்பி, படத்தின் பின்னணி இசை முழுவதும் பதிவாகி முடியும் முன்பே அச்சுக்குப் போக வேண்டியிருந்தது. பிற்பாதி இசை தட்டில் கிட்டத்தட்ட இல்லை. 2003 சிடியில் விடுபட்டவை வந்தன, ஆனால் பழைய எல்பி வரிசைக்குப் பின்னால் ஒட்டுப்போட்டது போல. படத்தின் வரிசை வேண்டுமானால் பாடல்பட்டியலை நீங்களே மாற்றி அடுக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் படத்துக்காக ஷர்லி பாஸியும் டியான் வார்விக்கும் தனித்தனியே பாடிய 'மிஸ்டர் கிஸ் கிஸ் பேங் பேங்' கைவிடப்பட்டது. அதன் மெட்டு மட்டும் படம் நெடுக அலைகிறது. பாடப்பட்ட வடிவம் வேண்டுமென்றால் 1992-இல் வந்த 30-ஆம் ஆண்டு இரட்டைத் தொகுப்பைத் தேடுங்கள்.

சிங்கிளும் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு தட்டு) எல்பியும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். நான்சி சினாட்ரா 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' (1967) பாடலைப் படத்துக்கு ஒரு முறையும், லீ ஹேசல்வுட் தயாரிப்பில் சிங்கிளுக்கு இன்னொரு முறையும் பாடினார். சிங்கிளில் கிதார் தூக்கலாக இருக்கும். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் 'தி லுக் ஆஃப் லவ்' பாடலும் அப்படித்தான்: 'கசினோ ராயல்' (1967) எல்பியில் உள்ளது ஒன்று, தனியாக வெளியானது வேறொன்று. பர்ட் பகாராக் இசையமைத்த அந்த எல்பி (கோல்ஜெம்ஸ் நிறுவனம்), ஒலித்தரத்துக்காக ஆடியோ பிரியர்களிடம் பேர்போனது. அதனால் தேய்ந்த பிரதிக்குக்கூட அநியாய விலை சொல்வார்கள். தேய்ந்த பிரதியில் அந்த ஒலித்தரம் இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாண்டை விட்டு வெளியே வந்தால், பாண்ட் பட இசையமைப்பாளர் ஜான் பாரியின் 'தி இப்கிரஸ் ஃபைல்' (1965) முதலில் வாங்க வேண்டியது. எக்காளங்களுக்குப் பதிலாக சிம்பலம் என்ற, சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் கருவி முன்னே நிற்கும். நம் காதுக்குச் சந்தூர் ஞாபகம் வரும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாண்ட் எல்பிகளை வெளியிட்ட யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸின் அமெரிக்க அச்சுகளில் யுஏஎல் என்று தொடங்கும் எண் மோனோ, யுஏஎஸ் என்றால் ஸ்டீரியோ. 'கோல்டுஃபிங்கர்' யுஏஎல் 4117, யுஏஎஸ் 5117. 'தண்டர்பால்' 4132, 5132. அட்டையில் ஓர் எண்ணும் தட்டின் லேபிளில் வேறோர் எண்ணும் இருந்தால், எங்கோ அட்டை மாறியிருக்கிறது. விற்பவரிடம் லேபிளின் படத்தைக் கேளுங்கள். கூடவே, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்றுப் பட்டையில் கீறியிருக்கும் எழுத்துகளின் படத்தையும் கேளுங்கள். எந்த அச்சு என்பதை, இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் உறுதிசெய்ய அந்த எழுத்துகள்தான் கைகொடுக்கும்.

'எலக்ட்ரானிக்கலி ரீபிராசஸ்ட் ஃபார் ஸ்டீரியோ' என்று சின்ன எழுத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். மோனோ பதிவை எடுத்து, அடித்தொனியை ஒரு பக்கமும் மேல்தொனியை மறுபக்கமும் தள்ளி, எதிரொலி தூவிய போலி ஸ்டீரியோ அது. பித்தளைக் கருவிகள் குளியலறைக்குள் வாசிப்பது போல இருக்கும்.

தரக் குறியீடுகளில் 'விஜி' என்பது 'வெரி குட்' என்பதன் சுருக்கம். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்; நடைமுறையில் பாட்டு முழுக்கச் சரசரப்பு என்று பொருள். மென்மையான தந்தி இசை உள்ள தட்டுக்கு 'விஜி பிளஸ்'ஸுக்குக் கீழே இறங்க வேண்டாம். உளவுப் பட இசைக்கு இன்னொரு தனிக் கஷ்டமும் உண்டு. டிரம்பெட்டுகள் உச்சத்தில் கத்தும் இடங்களில் பழைய கனமான ஊசிகள் பள்ளத்தின் சுவரையே சிதைத்திருக்கும். பளபளவென்று தெரியும் தட்டுகூட அங்கே கரகரக்கும். முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்டுப் பாருங்கள். உள்வட்டத்தில்தான் சேதம் முதலில் காதில் படும்.

சிடிகளில் இரண்டு ஆபத்து. 'மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.' என்று அச்சிட்ட, 1988 முதல் 1993 வரையிலான சில சிடிகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறி, கடைசிப் பாடல்களில் இரைச்சல் எழுப்பும். உறைத்தாளில் உள்ள கந்தகம் பூச்சைத் தாண்டிப் போய் வெள்ளிப் படலத்தை அரித்ததே காரணம். சரிசெய்ய வழியில்லை, இன்னும் ஓடும்போதே பிரதியெடுங்கள். இரண்டாவது, வீட்டில் எரித்த போலிகள்: அடிப்புறம் பச்சையாகவோ நீலமாகவோ மின்னினால் அது ஆலையில் அச்சான சிடி அல்ல.

ஐரோப்பாவிலிருந்து வரும் பளபளப்பான புது எல்பிகளில், 1962 வரை வெளியான பதிவுகளைக் கொண்டவை அங்கே காப்புரிமை முடிந்தவை. அதனால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பலவற்றுக்கு மூலமே ஒரு சிடிதான். அட்டை அழகுக்காக வாங்கலாம், ஒலிக்காக வேண்டாம்.

கவர் வேட்டை

விநோதம் எல்லாம் இங்கேதான். தேடும்போது பாட்டின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். இசையமைப்பாளர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். தலைப்புகள் மொழிக்கு மொழி மாறும், லேபிளில் தப்பாகவும் அச்சாகும். அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று: '007' என்ற பெயரில் உள்ளது ஜேம்ஸ் பாண்ட் முகப்பிசை அல்ல. அது ஜான் பாரி 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' (1963) படத்துக்கு எழுதிய தனி மெட்டு. செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் தளத்தில் ஒரு மெட்டின் கவர்கள் ஒரே பக்கத்தில் கிடைக்கும். அங்கே பட்டியலெடுத்து, டிஸ்காக்ஸில் தட்டைத் தேடுவது வேகமான வழி.

படங்களை வெளியிட்ட அதே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு இசைத்தட்டுப் பிரிவும் இருந்தது. தன் கையில் இருந்த மெட்டுகளைத் தன் கலைஞர்களிடமே கொடுத்து வாசிக்க வைத்தது. அதனால் அதன் 1965–66 பட்டியலைப் புரட்டினாலே பாதி வேட்டை முடிந்துவிடும். கவுன்ட் பேஸியின் 'பேஸி மீட்ஸ் பாண்ட்' அங்கே கிடைக்கும். ரே பரெட்டோ லத்தீன் தாளத்தில் வாசித்த 'செனோர் 007' அங்கே கிடைக்கும். இரண்டாவதை வாங்காமல் விடாதீர்கள். ஜமைக்காவில் ஸ்கடலைட்ஸும் ரோலண்ட் அல்ஃபான்சோவும் பாண்ட் மெட்டை ஸ்கா என்ற அந்த ஊர் நடன இசையாக்கினார்கள். அந்தக் காலத்து 45-கள் (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டுகள்) பெரும்பாலும் அடிபட்டுத்தான் கிடைக்கும், மறுவெளியீடு போதும். பிற்காலத்தில் டேவிட் ஆர்னால்டின் 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' (1997) ஒரே தட்டில் பதினொரு கவர்களைத் தருகிறது. ப்ரொப்பெல்லர்ஹெட்ஸ் என்ற மின்னணு இசைக் குழுவோடு செய்ததுதான் அதில் உச்சம்.

உளவுப் பட வாசனை அடிக்கும் எல்லாம் கவர் ஆகிவிடாது. பாண்ட் முகப்பிசையின் அடியில் ஊர்ந்து போகும் நான்கு சுரங்களைப் பாருங்கள்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். இதை மட்டும் கடன் வாங்கிய பாட்டுகள் ஏராளம். அதற்கு மேலே, மூலப் பதிவில் விக் ஃபிளிக் வாசித்த கிதார் வரி வந்தால்தான் அது கவர். முடிவையும் கேளுங்கள்: சாதாரண காந்தாரத்தோடு காகலி நிஷாதம் உரசும் அந்தக் கடைசிக் கார்டை (பல சுரங்கள் ஒருசேர ஒலிப்பது) வைத்தார்களா, உரசல் இல்லாத வெறும் மைனர் கார்டில் முடித்துவிட்டார்களா? மட்டமான கவர்கள் பல அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

'மிஷன்: இம்பாசிபிள்' கவர்களுக்குத் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தால் போதும். மூலம் ஐந்து எண்ணிக்கை; உள்ளே தகிட தகிட தக தக என்று பத்து அட்சரம். 1996-இல் யு2 குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி முல்லனும் செய்த வடிவம் இதை நடன அரங்குக்கு ஏற்ற நான்கு எண்ணிக்கைக்கு மாற்றியது. ஐந்தை விடாமல் பிடித்தவை, நான்காக்கியவை என்று இரண்டு அடுக்காகச் சேர்த்தாலே ஒரு நல்ல தொகுப்பு உருவாகிவிடும்.

மலிவுவிலைத் தட்டுகளில் ஒரே வாசிப்பை மூன்று வெவ்வேறு 'ஆர்க்கெஸ்ட்ரா' பெயர்களில் விற்ற நிறுவனங்கள் இருந்தன. ஒன்றா வேறா என்று கண்டுபிடிக்க, இரண்டையும் கணினியில் பதிந்து ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறவுங்கள். எளிதில் அடையாளம் தெரியும் மூன்று இடங்களைக் குறியுங்கள்: முதல் டிரம் அடி, நடுவில் ஓர் எக்காள வெடிப்பு, கடைசிக் கார்டின் தொடக்கம். முதல் தட்டில் அடியிலிருந்து வெடிப்புக்கு 12.00 நொடி, கார்டுக்கு 96.00 நொடி என்று வையுங்கள். இரண்டாவதில் 12.06, 96.48 என்றால் இரண்டுமே அரை சதவீதம் நீண்டிருக்கின்றன. தட்டு சுழலும் வேகம்தான் வேறு, வாசிப்பு ஒன்றே. 12.06, 95.70 என்று முன்னும் பின்னும் போனால் வேறு வாசிப்பு.

சுத்தம் செய்வதும் பதிவதும்

வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) நான்கு பங்கு, ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, லிட்டருக்குச் சில துளி ஈரமூட்டி (நீர் பள்ளத்துக்குள் பரவ உதவும் திரவம்). மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் வடிநீரால் அலசி, நிறுத்திவைத்து உலர விடுங்கள். லேபிள் நனையக் கூடாது. அரக்கில் செய்த பழைய 78-களில் (நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள்) இந்தக் கலவையைத் தொடவே வேண்டாம். ஆல்கஹால் அரக்கைக் கரைக்கும்.

மோனோ தட்டைப் பதியும்போது மோனோ பொத்தானை அழுத்துங்கள், அல்லது பதிந்த பின் இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் இரைச்சல் ரத்தாகிப் போகும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒலி அளவைத் தட்டின் மிகச் சத்தமான இடத்தை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். 'கோல்டுஃபிங்கர்' என்றால் பாஸி இழுத்துப் பிடிக்கும் அந்தக் கடைசிச் சுரம். அது மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் இருக்கட்டும். தொடக்கத்தை வைத்து அளவு வைத்தால் முடிவில் பிளந்துவிடும். கீறலால் வரும் சொடுக்குச் சத்தத்தை நீக்கும் தானியங்கி வசதியை இந்த இசையில் நம்பாதீர்கள். போங்கோ அடியையும் சிம்பலத்தின் கோல் படும் நுனியையும் கீறல் என்று நினைத்து மழுக்கிவிடும். பெரிய சொடுக்குகளைக் கையால் எடுத்து, சின்னவற்றை அப்படியே விடுங்கள். திருத்தாத மூலத்தை, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாகத் தனியே வையுங்கள்.

கோப்பின் பெயரில் மெட்டு, வாசித்தவர், ஆண்டு, தட்டின் எண், மோனோவா ஸ்டீரியோவா, மேலே சொன்ன மூன்று வகையில் எது என்று எழுதிவிடுங்கள். அலமாரியில் கலைஞர் பெயர் வரிசையில் அடுக்காமல் மெட்டு வரிசையில் அடுக்கினால், ஒரே முகப்பிசையின் பத்து வடிவங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்த தட்டை வாங்கும் முன், அதே வாசிப்பு வேறு பெயரில் ஏற்கெனவே அங்கே நிற்கிறதா என்று பார்க்க அதுவே சுலபம். வெளியுறை பிவிசியாக இருந்தால் மட்டும் மாற்றுங்கள். அதிலிருந்து கசியும் இளக்கி தட்டின்மேல் படிந்து விட்டுப்போகும் மங்கலைக் கழுவி எடுக்க முடியாது.